எழுபத்திரண்டில் நின்ற திரை

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த அறையில் எந்நேரமும் ஏ.சி. ஓடும். மயிலாப்பூரில் வீடு, ஆழ்வார்பேட்டையில் ஆஸ்பத்திரி. வெயில் ஏறுவதற்குள் நடந்தே போய்விடுவேன். இந்தச் சந்திரமௌலியைப் பற்றி யாரும் உங்களிடம் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், இன்ஸ்பெக்டர் சார்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது ஜெயபாரதி விஷயமாக. "அந்தப் பொண்ணு நேரா ஸ்டேஷனுக்கு வந்து, எங்கப்பாவ நாந்தான் கொன்னேன்னு சொல்லிக்கினு குந்திகினு கீது. கம்ப்யூட்டரு, மெமரின்னு இன்னாமோ சொல்லுது. ஒண்ணும் பிரியல சார், நீங்கதான் சொல்லணும்" என்றீர்கள். புரியும்படி சொல்கிறேன்.

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எல்லாக் கட்டில்களின் இதயத் துடிப்பும் அதில் தெரியும். துடிப்பு தவறினால் மணி அடிக்கும். அது வந்த பிறகு, நோயாளிகள் தூங்கட்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கருவிகளின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் டிஸ்க் கிடையாது. அது என் ஏற்பாடு. மெமரி நிரம்பினால், அப்போதைக்கு வேண்டாததைக் கேபிள் வழியாகக் கீழ்த்தளத்தில் என் அறையிலிருக்கும் சர்வருக்கு அனுப்பிவிடும். தேவைப்படும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும்.

சில சமயம் அது அப்படியே அசையாமல் நின்றுவிடும். கேபிளில் கோளாறு என்று நான் சொல்லி வந்தேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஜெயபாரதி தி.நகரில் துணிக்கடை வைத்திருந்த அய்யாதுரையின் மகள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். என்னிடம் உதவியாளராக வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, ஆஸ்பத்திரி டைரக்டர் எதிரில் சொன்னாள்:

"கேபிள்ல ஒண்ணும் இல்ல சார். பஸ்ஸு நெரிசலா நிக்கி. ஆளு இறங்குனாத்தான் இடம் வரும். ஆனா படிக்கட்டுலயும் ஆளு நின்னா எப்படி இறங்க? மெமரில உள்ளதை சர்வருக்கு அனுப்புததுக்கும் கொஞ்சம் மெமரி வேணும்லா. அது இல்லாம, இது அதுக்காக நிக்கி, அது இதுக்காக நிக்கி."

டைரக்டர் சிரித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அவள் செய்தது இதுதான். மெமரியில் ஒரு பகுதியை அந்த அனுப்பும் வேலைக்கும், சர்வரிலிருந்து வரும் பதிலுக்கும் மட்டும் என்று ஒதுக்கினாள். வேறு எந்த வேலையும் அதைத் தொட முடியாது. எவ்வளவு ஒதுக்குவது என்பது ஒரே ஓர் எண். அதன் பிறகு திரை நிற்கவே இல்லை. டைரக்டர் அவளுக்குக் கை கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான். சந்தோஷம் என்றுதான் வீட்டிலும் சொன்னேன்.

ஆனால் நான் கவனிக்கத் தொடங்கினேன். எனக்கு முன்னாலேயே வந்துவிடுவாள். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பாள். அந்த மரியாதை கொஞ்சம் அதிகமாக எனக்குப் பட்டது. ஒருநாள் கேட்டாள்: "சார், நீங்க லீவே போட மாட்டியளா? ஊருக்குப் போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்." நான் இல்லாத அறையை எதற்காக அவள் பார்த்துக்கொள்ள வேண்டும்? அன்று சாயங்காலம் அவள் ஏறிய பஸ்ஸிலேயே நானும் ஏறினேன். நேராக அப்பாவின் கடைக்குப் போய், புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிர்க்கடையில் நின்று வெகுநேரம் பார்த்தேன். சந்தேகப்படும்படி எதுவும் செய்யவில்லை. அவ்வளவு ஜாக்கிரதையான பெண்.

பிறகு அய்யாதுரைக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். ஜெயபாரதி லீவு போட்டுவிட்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருப்பது சரியில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா மௌலி சார்? எம்பிள்ள வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான். எல்லாம் சார்கிட்ட படிச்சதுதாம்பா அப்படிம்பா."

நான் அவளுக்கு எதுவுமே சொல்லிக்கொடுத்ததில்லை. அப்பாவிடம்கூட இப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள் என்றால் எவ்வளவு தூரம் யோசித்திருக்க வேண்டும். "நன்னா ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் என் அறையில் இல்லாத நாட்கள் அவை மட்டும்தான். மறுநாள் மத்தியானம் என் மேஜையில் உட்கார்ந்தபடியே அந்த எண்ணைப் பூஜ்யமாக்கினேன். மெமரி தானாக நிரம்பக் காத்திருக்க வேண்டுமே என்று, பழைய எக்ஸ்ரே படங்களை அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். திரை நிற்க வேண்டும், டைரக்டர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

நின்றதா என்று பார்க்க மேலே போனேன். ஜெயபாரதி அப்பாவுக்கு இளநீர் வாங்கப் போயிருந்தாள். நர்ஸ் சந்திரிகா கடைசிக் கட்டிலில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்தே திரை தெரிந்தது. அய்யாதுரையின் பெயருக்கு எதிரே எழுபத்திரண்டு. கோடு பாதியில் நின்றிருந்தது. என் கணக்கு சரியாக இருந்தது.

அவருடைய கட்டிலும் தெரிந்தது. கை போர்வையைப் பிடித்து இழுத்தது. விட்டது. மறுபடி பிடித்தது. வாய் திறந்திருந்தது. சந்திரிகா ஒருமுறை திரும்பித் திரையைப் பார்த்தாள், எழுபத்திரண்டு என்று கண்டு, மறுபடி தன் வேலையில் குனிந்தாள். நான் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டியிருந்தால், நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டிருப்பார்கள். கை அசைவது நின்ற பிறகு படியிறங்கினேன்.

கீழே வந்து சர்வரில் பழைய எண்ணை அப்படியே திரும்பப் போட்டேன். மேலே அவர்கள் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டபோது எல்லாம் அவள் வைத்தபடியே இருந்தது. ஆகவே அவள் வைத்தது போதவில்லை என்று ஆயிற்று. டைரக்டர் அறையில் நான்தான் அவளுக்காகப் பரிந்து பேசினேன். "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. பெரிசு பண்ண வேண்டாம்" என்றேன். அவள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. வெளியே வந்ததும் என் காலில் விழுந்து கும்பிட்டாள். "நீங்க இருந்ததால பொழச்சேன் சார்" என்றாள். அதைக்கூட நான் முழுசாக நம்பவில்லை.

இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், தான் ஒதுக்கிய மெமரி பத்தாமல்தான் அப்பா செத்தார் என்று அவள் உங்களிடம் சொன்னதாக. அதுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது. அவள் கணக்கில் தப்பே கிடையாது. அந்த எண் இருந்தவரை எதைப் போட்டு நிரப்பினாலும் அந்தக் கம்ப்யூட்டர் நின்றிருக்காது. நானே பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன். அதை எடுத்தால்தான் நிற்கும் என்று தெரிந்து எடுத்தவன் நான். எப்போது எடுக்க வேண்டும், எதை வைத்து நிரப்ப வேண்டும், எப்போது திரும்பப் போட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் யோசித்தவனும் நான். இதையும் தன்னுடையது என்கிறாள். வந்த நாளிலிருந்தே அவள் இப்படித்தான்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். அய்யாதுரையைக் கொன்றது நான். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவெல்லாம் வேலை தெரியாது.