பதினான்காவது தாள்

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் தலைவர், நம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர் ஈசாக் அவர்களே! பங்குத்தந்தை அவர்களே! காஞ்சிரங்குளத்திலிருந்தும் கள்ளிக்காட்டிலிருந்தும் வந்திருக்கும் சான்றோர்களே! நாற்பது நாள் நல்ல சோறு இறங்காமல் கடலையே பார்த்திருந்து, இன்று பூவும் புன்னகையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! பாறசாலையில் ஐஸ் கம்பெனி நடத்தும் இந்தச் சிவதாணுவின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரியதாகட்டும்.

பதினான்கு பேர் கடலுக்குப் போனார்கள். எஞ்சின் நின்றது, படகு எல்லை கடந்தது, அக்கரையில் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அங்கே நமக்காக வாதாடிய வக்கீல் கேட்டது என்ன? பொன்னா? பொருளா? இல்லை. ஆளுக்கொரு தாள். பெயர், ஊர், படகு, சங்கத்தின் சாட்சி, எல்லாம் தமிழில். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குள் தாள் வந்து சேர்ந்தவனுக்கு மறுநாள் விடுதலை. சேராதவன்? அடுத்த தவணை வரை அங்கேயே.

சங்கத்து எழுத்தர் எமில்டா எக்செல்லில் பட்டியல் போட்டு அனுப்பினாள். அங்கே திறந்தால் தமிழைக் காணோம், கட்டமும் கோடும்தான். அந்தக் கம்ப்யூட்டரில் நம் எழுத்து இல்லையாம். அப்போது எனக்கு வந்த கோபத்தை... ஈசாக் அண்ணன் சிரிக்கிறார். ஆமாம், நம் சங்கத்துக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக் குளத்தில் எறியச் சொன்னவன் நான்தான், மறுக்கவில்லை.

எமில்டா அசரவில்லை. பாறசாலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் பிரேமகுமாரியிடம் போனாள். இருவருமாக ஒரு மேக்ரோ எழுதினார்கள். மேக்ரோ என்றால் என்ன? நாம் பதினான்கு முறை செய்வதை ஒரே பொத்தானில் செய்யச் சொல்லும் கட்டளை. பட்டியலின் வரி ஒவ்வொன்றையும் தாளாக்கும். எங்கே திறந்தாலும் எழுத்து சிதையாத பி.டி.எஃப். ஆக்கும். அவனவன் பெயரையே அந்தக் கோப்புக்குச் சூட்டிச் சேமிக்கும். முடித்ததும், சேமித்த ஃபோல்டரைத் தானே திறந்து காட்டும்.

செவ்வாய் பகல் இரண்டரை மணி. பொத்தானை அழுத்தினாள். ஃபோல்டர் திறந்தது. எனக்கோ பரபரப்பு.

"தொறந்து வச்சு என்னத்த பாக்கிய பிள்ளே? அனுப்பு."

"செத்த பொறுங்க அண்ணா. எண்ணிப் பாத்துட்டாக்கும் அனுப்புவேன்."

எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "பதிமூணு தான் உண்டு" என்றாள்.

அருகே மகனுக்காகக் காத்து நின்றார் ஆனந்தபாய் அம்மா. "யாருக்க பிள்ளை இல்ல மக்கா?" என்று கேட்டார். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

யார் இல்லை? மூத்த மகனுக்குத் தன் அப்பன் பெயரை வைப்பது நம் கரையின் வழக்கம் அல்லவா? அண்ணன் சூசையும் வைத்தார், தம்பி லாசரும் வைத்தார். பட்டியலில் இரண்டு வாலண்டைன். ஒரே பெயரில் இரண்டாவது கோப்பு வந்ததும், முதல் கோப்பை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அழிந்தது சூசையின் மகன், ஆனந்தபாய் அம்மாவின் ஒரே பிள்ளை. மிஞ்சியது லாசரின் மகன், எமில்டாவின் புருஷன்.

தாய்மார்களே, யோசித்துப் பாருங்கள். தன் தாலிக்குரியவன் தாள் பத்திரமாய் இருக்கிறது. நேரமோ ஓடுகிறது. நானோ அவசரக் குடுக்கை. அனுப்பியிருக்கலாம். கேட்பார் யார்? அவள் அனுப்பவில்லை. பெயரோடு அப்பன் பெயரையும் சேர்க்கும்படி மேக்ரோவில் ஒரு வரியைத் திருத்தினாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி ஃபோல்டர் திறந்தது. இம்முறை நானும் எண்ணினேன், விரலை வைத்து எண்ணினேன். பதினான்கு. போன உயிர் திரும்பியது எனக்கு.

இரண்டே முக்காலுக்கு அனுப்பினோம். மூன்று மணிக்கு வக்கீலிடமிருந்து பதில் வந்தது, எல்லாம் வாசிக்க முடிகிறது என்று. ஆனந்தபாய் அம்மா எமில்டாவின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

என்ன? மேடையில் வைத்திருக்கும் இந்தச் சால்வை எமில்டாவுக்கா என்கிறீர்களா? அவளுக்கேதான், பிரேமகுமாரிக்கும்தான். அதைப் போர்த்தும் தகுதி எனக்கில்லை. அவசரப்படுத்தியவன் நான். ஆகவே அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் விடுகிறேன். பொறுமையாய்க் கேட்ட பேரவைக்கு நன்றி கூறி, உங்கள் சார்பில் ஒருவரை மேடைக்கு அழைத்து விடைபெறுகிறேன்.

வாலண்டைன், எழுந்து வா மக்கா.

அதோ பாருங்கள், இரண்டு பேர் எழுந்து வருகிறார்கள்.