சரிவில் வைத்த கல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது பொறுமை வேண்டிய வேலை, சார். எனக்கு அது நிறையவே உண்டு. என்னிடம் கற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவரையும் நான் திட்டியதில்லை. மேட்டில் நிறுத்தினால் கியரில் போட வேண்டும், ஹேண்ட் பிரேக்கை இறுக்க வேண்டும், சக்கரத்துக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

தெருவிலிருந்து என் ஷெட்டுக்கு ஏறும் சிமெண்ட் சரிவு என் சொந்த இடம். எதிர்வீட்டுக்குப் பல் டாக்டர் வந்ததிலிருந்து அது ஊருக்கே பொதுவாகிவிட்டது. வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை மாட்டினேன். அதன் அடியிலேயே நிறுத்தினார்கள். பூந்தொட்டிகளை வைத்தேன், பத்திரமாக ஓரம் நகர்த்திவிட்டு நிறுத்தினார்கள். கேட்டால், "ரெண்டு நிமிஷம் சார்." உங்கள் ஸ்டேஷனுக்கும் வந்தேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அனுசரித்தேன். யாராவது பிரேக்கை அரைகுறையாகப் போட்டுவிட்டுப் போனால், நானே போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பேன். தொழில் புத்தி, கை சும்மா இருக்காது.

போன மாதம் என் மனைவிக்கு நெஞ்சு வலி வந்தது. பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினால், சரிவை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார். ஹாரன் அடித்தேன். டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். யாருடைய வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். "ஏங்க, வண்டிய எடுங்க" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நேற்று வந்தது சாம்பல் நிறக் கார். அதுவும் இதுவும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். என்னைப் பைத்தியம் என்று எழுதிவிடாதீர்கள். பல் பிடுங்கிய அம்மாவைக் காரில் உட்காரவைத்துவிட்டு, மாத்திரை வாங்க மகன் திரும்பவும் உள்ளே ஓடினான். கார் லேசாகப் பின்னால் நகர்ந்தது. ஓடிப் போய்க் கல் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா வாயில் பஞ்சோடு கண்ணாடியை இறக்கினார்.

"இடைஞ்சலா இருக்கா தம்பி? என் பையன் ரெண்டு நிமிஷத்துல வந்துடுவான்."

"பரவாயில்லம்மா" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

மகன் என்னைக் கொலைகாரன் என்கிறான். பாவம், பெற்றவளைப் பறிகொடுத்தவன் வேறு என்ன சொல்வான்? பிரேக்கைச் சரியாகப் போடாதது அவன். மோதிய லாரியும் என்னுடையது இல்லை. அந்தக் காரை நான் விரலால்கூடத் தொடவில்லை, சார். என் கல்லை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். சக்கரம் அழுத்தியிருந்ததால் கையால் வரவில்லை. ஷெட்டிலிருந்து கடப்பாரை கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்த பிறகு, தெருவில் கனமாக ஏதாவது வரும்வரை நின்றேன்.

அதிக நேரம் இல்லை. ரெண்டு நிமிஷம்தான்.