சின்னச் சக்கர நாற்காலி

சக்கர நாற்காலி வாங்கப் போகிறவர்கள் முதலில் இருக்கையைத்தான் அழுத்திப் பார்க்கிறார்கள், மெத்தென்று இருக்கிறதா என்று. சக்கரத்தைப் பார்க்க வேண்டும், ஃபாதர். பின்சக்கரம் பெரியதென்றால் உட்கார்ந்திருப்பவரே கையால் உருட்டிக்கொண்டு போகலாம். நான்கும் சின்னதென்றால் பின்னால் ஓர் ஆள் தள்ள வேண்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் செபாஸ்டியன் ஓட்டிய, செம்பனைக் குலை ஏற்றும் லோரி தாப்பா அருகே கவிழ்ந்து, அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. ஈப்போ கடையில் நான் சின்னச் சக்கர நாற்காலியை எடுத்தேன். சுங்காயில் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசல் குறுகல் என்று காரணம் சொன்னேன். வாசலை நான் அளக்கவில்லை.

அதற்கு முன்பு லோரியோடு பாகான் டத்தோ பக்கம் போனால் எப்போது வருவார், யார் வீட்டிலிருந்து வருவார் என்று எனக்குத் தெரியாது. விபத்துக்குப் பிறகு, நான் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு வரும்போது விட்ட இடத்திலேயே இருப்பார். குளிப்பாட்டுவேன், சவரம் செய்துவிடுவேன். கலியாணமான நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

நம் கோயில் ஆட்கள்தான் கெடுத்தார்கள், நல்ல எண்ணத்தோடுதான். பணம் திரட்டிப் பெரிய சக்கர நாற்காலி வாங்கித் தந்தார்கள். அது லயத்து வாசலில் தாராளமாக நுழைந்தது. அந்தோணிமுத்து அண்ணன் கோயில் படிக்குப் பக்கத்தில் சரிவுப் பலகை அடித்தார். கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் கடைத்தெரு வரை தனியாகவே போய் வந்தார். பிறகு ஈப்போவில் தங்கிக் கடிகாரம் பழுதுபார்க்கப் படிக்க இடம் கிடைத்தது.

"திங்கக்கெழம போறேன், எல்ஸி. இனிமே நீ என்னைத் தூக்கிச் சுமக்க வேணாம்லா," என்றார்.

"சுமையின்னு நான் சொன்னேனா?"

அவர் சிரித்தார். சந்தோஷத்தில்தான் சிரித்தார்.

நாற்காலியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, காற்றடித்து வைப்பது என் வேலை. அதன் பிரேக் டயரை அழுத்தித்தான் பிடிக்கும். காற்று குறைந்தால் பிடிக்காது; ஆனால் பிரேக் போட்ட சத்தம் மட்டும் வழக்கம்போல் கேட்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை புறப்படும் முன் இரண்டு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன்.

பூசை முடிந்து வெளியே வரும்போது அவர் சரிவுப் பலகையின் மேல்முனையில் நிறுத்தி, பிரேக் போட்டு, வாசல் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார். நீங்களே பார்த்திருக்கிறீர்கள். எப்போதும் நான் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பேன். அன்று அகதா அக்காவிடம் பேசப் போய்விட்டேன். நெற்றியைத் தொட்ட கை நெஞ்சுக்கு வருவதற்குள் நாற்காலி இறங்கிவிட்டது. கீழே சிமெண்டுக் கால்வாய்.

இரண்டு மணிக்கட்டும் நொறுங்கிவிட்டன. இனி கரண்டிகூடப் பிடிக்க வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பலகை சரியில்லை என்று எல்லோரும் அந்தோணிமுத்து அண்ணனை ஏசுகிறார்கள். அவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பார்க்கப் பாவமாக இருக்கிறது, அதனால்தான் உங்களிடம் வந்தேன். பலகையில் குறையில்லை. செய்தது நான்.

பெரிய சக்கர நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பழையதைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். அவருக்கு எது பொருந்தும் என்று நான் அன்றைக்கே சரியாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறேன்.