விரால் ஏன் கடிக்கிறது

வெள்ளவத்தை பஸ்ஸில் முன் இருக்கையில் தூண்டில் தடிகளுடன் இருவர். ஒட்டுக்கேட்பது சரியில்லை என்று நினைத்தும், தூங்கும் மகளை அணைத்தபடி கேட்டேன்.

"கடல்ல பாரை பசிக்குத்தான் கடிக்கும், அண்ணை. விரால் பசி இல்லாட்டியும் கடிக்கும்," என்றார் இளையவர்.

"ஏனாம்?"

"குஞ்சுகளுக்குக் காவல் நிக்கும். பக்கத்தில தூண்டில் விழுந்தா அடிக்க வரும்."

"பாரை முட்டையை விட்டிட்டுப் போயிடும். உம்மட அப்பரைப் போல."

இளையவர் சிரிக்கவில்லை.

"நேற்றுக் களனி ஆத்தில ஒரு விரால் பிடிச்சனான். திருப்பி விடுவமெண்டு பாத்தன். தூண்டில் முள்ளு தொண்டைக்குள்ள போயிட்டுது. செத்திட்டுது."

"அதுதான் இண்டைக்குக் கடலுக்கு எண்டனீரோ?"

"ஓம். நான் அங்கயிருந்து வெளிக்கிடுமட்டும் குஞ்சுகள் அதே இடத்திலயே சுத்திக்கொண்டு நிண்டதுகள், அண்ணை."