பில்லருக்குள் ஏழு வளையம்

— ‘மாமா, இந்தக் கம்பி வளையம் ஏன் வாயைத் திறந்துகிட்டே இருக்கு?’ பழைய வீட்டுக்கு நீங்க பில்லர் கட்டுறப்ப என் யாங்ஜி கேட்டாளே, ஞாபகம் இருக்கா ஜீத் அண்ணே?

— இல்ல ஃபுல்மாயா. எத்தனை வீடு, எத்தனை புள்ளைங்க.

— ‘அதுக்குப் பசிக்குது’ன்னீங்க. அன்னிக்குப் பூரா வளையத்துக்குள்ள மக்காச்சோளமா போட்டுகிட்டிருந்தா. ஆறு வயசு... சரி, டீ ஆறுது. கட்டுன கம்பியை எதுக்கு அவுக்குறீங்க? காங்கிரீட் போடலாம்னு இன்ஜினியர் சொல்லிட்டுப் போனாரே.

— அவரு கீழ நின்னு பாத்தாரு. மேல ஏழு வளையம் என் ஆளு கட்டுனது. நுனி வெளியவே நிக்குது.

— நின்னா என்ன?

— நிலம் ஆடுறப்ப காங்கிரீட் ஓரமெல்லாம் உதிரும். நுனி உள்ள வளைஞ்சிருந்தா கவ்விகிட்டு நிக்கும். இல்லேன்னா வளையம் பிரிஞ்சு பில்லர் உக்காந்துடும்.

— உள்ள போயிட்டா யாருக்குத் தெரியப்போவுது? நாளைக்குக் கலவை மெஷின் வருது. பூகம்பத்துக்கு அப்புறம் மூணு வருஷமா தகரக் கொட்டாய்தான். இன்னமும் என் பையன் நோர்பு செருப்போடதான் தூங்குறான். ஆடுனா ஓடணுமாம்.

— மெஷின் வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். இந்த வீட்டுல அவன் செருப்பைக் கழட்டிட்டுத் தூங்கட்டும்.

— திரும்பவும் அந்த ஜீத்கிட்டயா நீ வேலையைக் குடுக்குறேன்னு ஊரே கேட்டுச்சு. வீடு இடிஞ்சதுக்கு அவரு என்ன பண்ணுவாரு, வெறுங்கையால தோண்டி என் புள்ளை உடம்பை எடுத்துக் குடுத்தவரு அவருதான்னு சொல்லிட்டேன்.

— அந்தக் குறடைக் கொஞ்சம் குடும்மா.

— இந்தாங்க. ஒண்ணு கேக்குறேன். பழைய வீட்டுலயும் நுனி வெளியதான் இருந்துச்சா?

— ...இருந்துச்சு. உள்ள வளைக்கணும்னு பூகம்பத்துக்கு அப்புறம் கொத்தனார் பயிற்சியிலதான் சொல்லிக் குடுத்தாங்க.

— தெரியாம செஞ்சதுக்குப் பாவம் ஏதுண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க. இன்னிக்கு யாங்ஜிக்கு நெய்விளக்கு ஏத்தணும், கோம்பா மடத்துல லாமா காத்துகிட்டிருப்பாரு. உங்க பேரைச் சொல்லியும் ஒண்ணு ஏத்துறேன். நோர்பு, வாடா போலாம்.

— ...போயிட்டாங்க பாப்பா. எனக்கு ஞாபகம் இருக்கு. நீ போட்டது மஞ்சச் சோளம். உள்ள வளைக்கணும்னு அப்பவே எனக்குத் தெரியும் யாங்ஜி. கை வலிக்குதுன்னு விட்டுட்டேன். இந்தா, இது ஏழாவது. நீயே எண்ணிப் பாத்துக்க. இனிமே இதுக்குப் பசிக்காது.