தூசி அடங்கிய நாள்

சின்னதாக ஒரு கதை சொல்கிறேன். நாளையிலிருந்து நீங்கள் ஆய்வறிக்கைகளில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள்... கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கரூர்ப் பக்கம் ஒரு கல்குவாரி. அதை ஊரை நோக்கி அகலப்படுத்தலாமா என்று ஆய்வு. கருவியை வைத்து, காற்றில் எவ்வளவு தூசி என்று ஒரு நாள் முழுக்க அளந்தேன். வரம்புக்குள்தான் இருந்தது. ஊருக்குள் போனேன். கொடியெல்லாம் வெள்ளைத் துணி. மொட்டை மாடியில் வடகம். தூசி இருந்தால் யாராவது வடகம் காயவைப்பார்களா? அதையும் அறிக்கையில் எழுதிக்கொண்டேன்... கொஞ்சம் பெருமையாக.

துளசிமணி என்று ஒரு பெண் வேட்டி பிழிந்துகொண்டிருந்தாள். அவள் மகளுக்கு நாலு வயது, மூச்சிரைப்பு. குவாரி இன்னும் கிட்டே வந்தால் இந்த ஊரில் பிள்ளையை வைத்திருக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எங்கே போவாள்? இவ்வளவு துணியா என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"ஏனுங்க மேடம், நீங்க வர்றீங்கன்னு ரெண்டு நாளா குவாரிக்காரங்க லாரியில தண்ணி தெளிச்சுட்டே இருக்கறாங்க. கல்லு உடைக்கிற மிசினும் ஓடல. இன்னைக்கு விட்டா எப்பத் துவைக்கிறதுங்க? மாசம் ஒருக்கா வந்துட்டுப் போங்க... அப்பளமும் போட்டுக்கறோம்."

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

அவள் குரலை இறக்கிக் கேட்டாள். "இதையும் எழுதிருவீங்கல்லங்க?"

தலையாட்டினேன்.

என்ன செய்திருக்கவேண்டும்? சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாள் போய் அளந்திருக்கவேண்டும். ஒரு வாரம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். போனேனா? துணி, வடகம் பற்றிய வரியை மட்டும் நீக்கினேன். அளந்த எண்ணை அப்படியே விட்டேன். கருவி பொய் சொல்லாது... நான் எதையும் திரிக்கவில்லையே... இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுமதி கிடைத்தது. ஒன்றரை வருடம் கழித்துப் போனபோது துளசிமணி வீட்டில் பூட்டுத் தொங்கியது. எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்காமலே திரும்பினேன்.

மாணவர்களே, அந்த எண்ணை இன்றைக்கும் நீங்கள் சரிபார்க்கலாம். பிழை இருக்காது. அது எப்படிப்பட்ட நாளில் எடுத்த எண் என்பதுதான் அங்கே இருக்காது. உங்களுக்காகக் கழுவித் துடைத்து வைத்த நாளை அளக்காதீர்கள். அளந்துவிட்டீர்களா? அதையும் எழுதுங்கள்.

லஞ்சம் வாங்காதீர்கள் என்று இந்த மேடையில் எல்லாரும் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. குவாரிக்காரர்கள் யாரும் கொடுக்க வரவுமில்லை...

அவர்களுக்குத் தேவையே இருக்கவில்லை.