சும்மா எரிகிற சிவப்பு

கதவைச் சாத்த வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, எனக்குக் குளிர் பழக்கம்தான். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, மலை சரிந்து பாதி றோட்டைக் கொண்டுபோன அந்த வளைவில் வருஷக்கணக்காக நின்றவன் நான். அடைத்த அறையில் உட்கார்ந்தால்தான் எனக்கு இருமல் வரும். தேத்தண்ணீரும் போதும். நீங்கள் பொறுமையாகத் தமிழில் கேட்கிறீர்கள், நானும் பொறுமையாகவே சொல்கிறேன். முதலில் அந்தப் பிள்ளை கிருஷாந்தியை வீட்டுக்கு அனுப்புங்கள். அவள் பொருத்திய மெஷினில் ஒரு பிழையும் இல்லை. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தில் தேயிலை. மேலிருந்து வருபவனுக்குக் கீழே நிற்பது தெரியாது, கீழிருந்து ஏறுபவனுக்கு மேலே வருவது தெரியாது. அதனால் றோட்டு ஆபீஸ் என்னைக் கொடி பிடிக்க வைத்தது. ஒரே ஆள் எப்படி இரண்டு முனையையும் பார்ப்பான் என்று கேட்பீர்கள். மேல்முனைக்குச் சற்று முன்னால் மாதா சிலை வைத்த கெபி இருக்கிறது. அந்த இறக்கத்தில் வருகிற எந்த டிரைவரும், அவன் வேதக்காரனோ சைவக்காரனோ இஸ்லாமோ பௌத்தனோ, மாதாவுக்கு இரண்டு தரம் ஹார்ன் அடிக்காமல் கடக்க மாட்டான். அடிக்காமல் போனால் பிரேக் பிடிக்காது என்று ஒரு பயம். நான் கீழ்முனையில் நின்று அந்த ஹார்னைக் கேட்பேன். கேட்டதும் கீழே இருப்பவர்களுக்குச் சிவப்புக் கொடி காட்டி, நீளமாக ஒரு விசில் ஊதுவேன். விசில் கேட்டால்தான் மேலே நிற்பவன் இறங்குவான். எத்தனை மூடுபனி என்றாலும் இந்த ஏற்பாடு தப்பியதில்லை.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்க் கான் வெட்டினவர். துரையின் கார் வந்தால் றோட்டை விட்டுக் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். நானும் பக்கத்தில் சேற்றில் நின்றிருக்கிறேன். அதே தோட்டத்துப் பெரியதுரையின் ஜீப் என் கைக்கு நின்றது ஐயா. கண்ணாடியை இறக்கி, "என்ன றோலண்ட், போகலாமா?" என்று கேட்பார். எதிரே ஒன்றும் வராவிட்டாலும் கொஞ்சம் நிறுத்தி வைப்பேன். பொய் சொல்வானேன், அதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு கிருஷாந்தி வந்தாள். தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, றோட்டு ஆபீசில் உத்தியோகத்துக்கு வந்த பிள்ளை. இரண்டு முனையிலும் தாரை அறுத்துக் கம்பி புதைத்தாள். அந்தக் கம்பிக்கு மேலாக வாகனம் போனால் அதற்குத் தெரியும். உள்ளே எத்தனை நுழைந்தது, வெளியே எத்தனை வந்தது என்று அது எண்ணிக்கொள்ளும். ஒரு முனையில் நுழைந்தது வெளியே வரும்வரை மறுமுனையில் சிவப்பு லைட் எரியும். வெளியே வந்ததும் பச்சை.

"இனி நீங்க மழையில நனைய வேணாம் மாமா," என்றாள். "இதே தன்னால எண்ணிக்கிரும்."

"அப்ப நான் என்னா செய்றது?"

"கொஞ்ச நாளைக்குப் பக்கத்துல இருந்து பாத்துக்கங்க. மெஷின் சரியா ஓடுதுன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சிட்டா, நிம்மதியா வீட்டுல இருக்கலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன். வீட்டில் என் மனைவி றோசலினும் அதையே சொன்னாள். "முட்டி வலின்னு முனகிக்கிட்டே கெடக்குறீங்க. விட்டுத் தொலைங்களேன், அந்தக் கொடியில என்னா இருக்கு?" என்றாள். அவளுக்கு எப்படி விளங்கும்? லைட் வந்த பிறகு எல்லோரும் கம்பத்தைப் பார்த்தார்கள், போனார்கள். பெரியதுரையின் ஜீப் கண்ணாடியை ஏற்றியபடியே என்னைக் கடந்தது. நான் நிற்பதும் பாறை நிற்பதும் ஒன்றாகிவிட்டது.

ஒருவன் மட்டும் மாறவில்லை. பசாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மக்பூல் முதலாளியின் மகன் சப்ராஸ். ஓட்டோ ஓட்டுகிறவன். பச்சை எரிந்தாலும் என் பக்கத்தில் நிறுத்துவான். "லைட்டு கெடக்குது அண்ணே, நீங்க சொல்லுங்க," என்பான். அவன் வாப்பா கடை ரொட்டி ஒன்று எப்போதும் தாளில் சுற்றி எனக்காக வைத்திருப்பான். அவனை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வளைவில் நான் ஒதுங்குகிற குடிசையின் கூரை ஒழுகுகிறது என்று ஒரு நாள் பழைய தகரம் ஒன்றை றோட்டோடு இழுத்துக்கொண்டு வந்தேன். கீழ்முனைக் கம்பியைக் கடந்த பிறகு மேலே ஏறிப் பார்த்தால் மேல்முனையில் வாகனங்கள் குவிந்து நிற்கின்றன. தகரத்தை லொறி என்று எண்ணிவிட்டது அந்த அறிவாளி மெஷின். உள்ளே போன லொறி வெளியே வரட்டும் என்று சிவப்பைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு நான் கூரையை மேயவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் இந்த முனையில், ஒரு நாள் அந்த முனையில், ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தகரத்தை இழுத்தேன். வெளியிலிருந்து உள்பக்கம் இழுத்தால் நுழைந்ததாகக் கணக்கு, உள்ளிருந்து வெளியே இழுத்தால் வந்துவிட்டதாகக் கணக்கு. போடவும் முடிந்தது, எடுக்கவும் முடிந்தது. டிரைவர்கள் சலித்துப்போனார்கள். "இது சும்மா எரியுது அண்ணே, கொடியக் காட்டுங்க," என்று தலையை நீட்டிக் கத்துவார்கள். நான் காது கொடுத்துக் கேட்டு, மேலே ஹார்ன் இல்லை என்று தெரிந்த பிறகே பச்சைக் கொடி காட்டுவேன். ஒரு வாகனத்துக்கும் கீறல் விழவில்லை. சிவப்பு எரிந்தால் என் முகத்தைப் பார்ப்பது என்று ஆகிவிட்டது. பெரியதுரையின் கண்ணாடியும் ஒரு தரம் இறங்கியது.

கிருஷாந்தி பல தடவை வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள், ஆபீஸ் வேனை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். கடைசியாக வந்த அன்று குடிசையில் சாய்த்திருந்த தகரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல மாமா," என்றாள். "வெள்ளிக்கிழமையோட உங்க வேலை முடியுது. நான் வேற ஒண்ணும் ஆபீசுல சொல்லல. உங்க பேரு கெடாம போயிருங்க."

என்னைப் பிடித்துக் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் இரக்கப்பட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். லைட் சும்மா எரிந்தால் ஆபீசுக்கு வலிக்காது. ஒரு வாகனமாவது மோத வேண்டும். மட்கார்டு நசுங்கினால் போதும் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம். மூடுபனி இறங்கி, கெபி தெரியவில்லை. இரண்டு ஹார்ன் கேட்டது. எல்லா ஹார்னும் எனக்கு அத்துப்படி, அது சோலைமலையின் கொழுந்து லொறி. சோலைமலை டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவன். லொறி சத்தமில்லாமல் வரும், பாரம் இருந்தால் சட்டென்று நிற்காது. இதுவும் எனக்குத் தெரியும். அவனுக்குப் பச்சை, இறங்கிவிட்டான். கீழே எனக்குப் பக்கத்தில் சிவப்பு எரிந்தது. மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

அந்த நேரம் சப்ராஸின் ஓட்டோ வந்து நின்றது. பின்சீற்றில் அவன் அக்கா ஹப்ஸா, அவன் தாத்தா என்று கூப்பிடுகிறவள். தலைப்பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வந்திருந்தவள், கிளினிக் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் குழந்தைச் சாமான் பை ஒன்று இருந்தது.

"குளிர்ல நிக்கிறீங்களே அண்ணே, தலைக்கு ஏதாச்சும் போட்டுக்கங்க," என்றாள்.

"ரெட்டு எரியிதே அண்ணே," என்றான் சப்ராஸ். "சும்மாவா?"

பச்சைக் கொடியைக் காட்டினேன்.

ஏன் அவன் என்று நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். வேறு யார் என்றாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள், வளைவில் மெதுவாக எட்டிப் பார்த்திருப்பார்கள். சப்ராஸ் நான் காட்டினால் யோசிக்க மாட்டான். கையைத் தூக்கி எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு ஏறிப்போனான். விசில் என் வாயில்தான் இருந்தது. ஊதியிருந்தால் மேலே வாகனம் வருகிறது என்று விளங்கி நின்றிருப்பான். ஊதவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. ஓட்டோ உருண்டு தேயிலைக்குள் போய்விட்டது. லொறி பாறையில் சாய்ந்து நின்றது. நான் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். தகரத்தை எடுத்து, கீழ்முனைக் கம்பிமேல் உள்ளிருந்து வெளியே இழுத்தேன். லொறி வந்துவிட்டது என்று மெஷின் எண்ணிக்கொண்டது, சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கீழே ஹப்ஸா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "றோலண்ட் அண்ணே, றோலண்ட் அண்ணே," என்று என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். பச்சை நிலையாக எரிகிறதா என்று இன்னொரு தரம் பார்த்து, தகரத்தை இருந்த இடத்தில் சாய்த்துவிட்டு இறங்கினேன். நான் போய்ச் சேரும்போது அவள் கூப்பிடவில்லை.

மட்கார்டு என்று சொன்னேனே, அது பொய். பாரம் ஏற்றிய லொறிக்கு முன்னால் ஓட்டோ என்ன ஆகும் என்று தெரியாமலா அந்த வளைவில் நின்றேன்?

ஓடி வந்தவர்கள் எல்லோரும் கீழ்முனைப் பச்சையைப் பார்த்து, மெஷின்தான் இரண்டு பக்கமும் விட்டுவிட்டது என்றார்கள். சோலைமலை றோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மறுநாளே மெஷினை நிறுத்தி, கொடியைத் திரும்ப என் கையில் கொடுத்தார்கள். பெரியதுரை ஜீப்பை விட்டே இறங்கி வந்து, "மெஷின நம்பி ஏமாந்துட்டோம் றோலண்ட்," என்றார். றோசலின் மட்டும் தகரத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள், அதில் தார் ஒட்டியிருந்தது. துணிமணியைக் கட்டிக்கொண்டு பொகவந்தலாவையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். இனி வர மாட்டாள்.

நேற்று கிருஷாந்தியைப் பிடித்துக்கொண்டு போனபோதே நான் வந்திருக்கலாம். இன்றைக்கு அவளின் அம்மா வளைவுக்கு வந்து, "எம் புள்ள என்னா பிழ செஞ்சா, நீங்களாச்சும் சொல்லுங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் மேலே ஹார்ன் கேட்டது. கொடி காட்ட வேண்டிய கையை அவள் பிடித்திருந்தாள். டிரைவர்கள் எனக்காகக் காத்திராமல் தாங்களே இறங்கிப் பேசிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன்கூட என் பக்கம் திரும்பவில்லை. மெஷினும் இல்லை, நானும் வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

சப்ராஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம், ஒரு காலை எடுத்துவிட்டார்களாம். அவன் உங்களிடம் என்ன சொன்னான் என்று நீங்களே வாசித்துக் காட்டினீர்கள். "றோலண்ட் அண்ணன் பிழையாக் காட்ட மாட்டாரு, நான்தான் சரியாப் பாக்கலையாக்கும்," என்று. ஹப்ஸாவை அடக்கம் செய்த பிறகும் அதையேதான் சொன்னானாமே.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். கோர்ட்டில் கேட்டாலும் இதையே சொல்வேன். ஒரேயொரு உதவி மட்டும் செய்யுங்கள் ஐயா. சப்ராஸிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அந்த றோட்டில் என் கொடியை இன்னும் நம்புகிறவன் அவன் ஒருவன்தான்.